காட்சியும் சாட்சியும்

வரலாறு என்றவுடன் அரசர்களின் ஆட்சியும் போர்களின் வெற்றி தோல்வியுமே மாணவர் நெஞ்சில் முதலில் தோன்றுகின்றன. ஆனால், ஒரு நகரத்தின் வரலாறு அவற்றோடு முடிந்துவிடுவதில்லை. விடியற்காலையில் கடை திறப்பவர், பூத்தொடுப்பவர், இரயிலைப் பிடிக்க விரைபவர், கோயில் வாயிலில் செருப்பைக் கழற்றி வைப்பவர் ஆகிய எண்ணற்ற மக்களின் அன்றாடச் செயல்களே ஒரு நகரை நகரமாக்குகின்றன. கல்வெட்டும் செப்பேடும் சொல்லாத இவ்வாழ்வைக் காட்டக்கூடிய சான்றுகளுள் நிழற்படம் தலையாயது.

இன்று பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலோ சற்று நேரம் நிற்பவர் ஒன்றை எளிதில் காண்பர். பூச்சரமும் பலகாரமும் மழையும் மாலைக் கூட்டமும் எவரோ ஒருவரின் கைப்பேசியில் இடையறாது படமாகிக்கொண்டே இருக்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன்னர்த் திருமண வீட்டில் மட்டுமே தென்பட்ட படக்கருவி, இன்று பள்ளி மாணவரின் சட்டைப் பையிலும் இருக்கின்றது. படம் பெருகியதாலேயே வரலாறும் பெருகிவிடுமா? இவ்வினாவுக்கு விடை காண, படக்கருவி மலாயாவுக்கு வந்த கதையைத் தொடக்கத்திலிருந்து நோக்குதல் வேண்டும்.

படக்கருவியின் வருகை

பிரான்சு நாட்டவரான டாகேர் கண்ட நிழற்பட முறை, 1839ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் பாரிசில் உலகுக்கு வெளியிடப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1843இன் இறுதியில், சிங்கப்பூரில் விடுதி நடத்திய துத்ரோன்குவா என்பவர் இம்முறையில் உருவப்படம் எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்தார். 1844இல் பிரெஞ்சு அதிகாரி ஜூல் இத்தியே எடுத்த சிங்கப்பூர் ஆற்றங்கரைக் காட்சி, அந்நகரின் எஞ்சியிருக்கும் படங்களுள் மிகப் பழையனவற்றில் ஒன்றாகும்.

1862இல் ஸ்காட்லாந்து நாட்டு நிழற்படக் கலைஞர் ஜான் தாம்சன் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தார். பினாங்கில் சில மாதங்கள் தங்கித் தொழில் நடத்தினார். 1875இல் வெளிவந்த தமது பயண நூலில் அவர் சுவையான செய்தி ஒன்றைத் தருகின்றார். படங்களை அச்சிடவும் தமக்கு உதவவும் மதராஸ்காரர் இருவரைப் பழக்கிக்கொண்டதாக அவர் எழுதுகின்றார். மலாயாவில் நிழற்படத் தொழில் வேர்விட்ட நாளிலேயே தென்னிந்தியர் இருவர் அதன் நுட்பத்தைக் கற்றிருந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. ஆயினும் தாம்சனின் பெயர் உலகறிந்த பெயராயிற்று. அவ்விருவரோ ‘மதராஸ்காரர் இருவர்’ என்ற அளவில் நின்றுவிட்டனர். இக்கட்டுரையின் கருப்பொருளே இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது எனலாம்.

அந்நாளில் படம் எடுத்தல் எளிய செயலன்று. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, அப்போதே கழுவி முடிக்க வேண்டும். இருட்டறைக் கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் சுமக்க ஆட்கள் வேண்டும். ஒளி விழும் நேரமும் நீண்டது. அதனால் அசையாத கட்டடம் தெளிவாக விழுந்தது. தெருவில் நடந்த மனிதரோ மங்கலான நிழலானார், அல்லது அடையாளமே இன்றி மறைந்துபோனார். அன்றாட வாழ்வு பழைய படங்களில் அருகிக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நகரம் எழுந்தது, மனிதர் மறைந்தனர்

கோலாலம்பூரின் பிறப்பும் படக்கருவியின் வளர்ச்சியும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர் கிள்ளான் ஆற்றின் வழியே சென்று, அம்பாங் பகுதியில் ஈயம் தேடினர். ஒரு மாத காலத்துக்குள் அவர்களுள் 69 பேர் காய்ச்சலுக்கு இரையாயினர் என்பது வரலாறு. 1880இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அந்த மர நகரை அழித்தன. 1882இல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைய வேண்டும் என வலியுறுத்தினார். நகருக்கு வேண்டிய செங்கல் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது.

1886ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுவே 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தண்டவாளம் பதித்த உழைப்பில் தென்னிந்தியத் தமிழரின் பங்கும், இரயில்வே அலுவலகங்களிலும் நிலையங்களிலும் யாழ்ப்பாணத் தமிழரின் பங்கும் பெரிது. இரயில்வேயைச் சார்ந்தே பிரிக்பீல்ட்ஸில் தமிழர் குடியிருப்பு தழைத்தது.

இக்காலத்தில் இப்பகுதியைப் படமெடுத்தோர் பெரும்பாலும் வணிகர்கள். ஜெர்மானியரான லாம்பர்ட் 1867இல் சிங்கப்பூரில் தொடங்கிய நிழற்பட நிறுவனம் அவற்றுள் புகழ்பெற்றது. சயாம் முதல் சீனம் வரையிலான சுமார் 3,000 காட்சிகள் அந்நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தனவாக, 1908இல் வெளிவந்த பிரிட்டிஷ் மலாயா பற்றிய பெருநூல் ஒன்று குறிக்கின்றது. சுமத்ராவின் மேடானிலிருந்து தொழில் நடத்திய கிளைன்குரோத்தே, 1907ஆம் ஆண்டளவில் மலாயாத் தீபகற்பப் படத்தொகுதி ஒன்றை வெளியிட்டார். அரசுக் கட்டடம், இரயில் பாலம், ஈயலம்பம், இரப்பர்த் தோட்டம் ஆகியன வாங்குவோரை ஈர்க்கும் காட்சிகளாக விளங்கின.

மனிதரும் படமெடுக்கப்பட்டனர். ஆனால், எவ்வாறு? ‘தமிழ்க் கூலி’, ‘கிளிங் பெண்’ எனும் தலைப்புகளோடு அஞ்சலட்டைகள் விற்கப்பட்டன. கலிங்கம் எனும் பழம்பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் ‘கிளிங்’ எனும் சொல், பின்னாளில் இழிசொல்லாக மாறியதை யாவரும் அறிவர். அப்பெண்ணின் பெயர் என்ன? எந்தத் தோட்டம்? யாருடைய தாய்? அட்டையில் விடையில்லை. மூக்குத்தியின் கல்லும் சேலையின் மடிப்பும் துல்லியமாகத் தெரிகின்றன. ஆள் மட்டும் யாரெனத் தெரியவில்லை. படக்கருவி அவரைக் கண்டது. ஆயினும் அவரை அறியவில்லை.

எழுத்துச் சொன்ன காட்சி

படம் காட்டாததை எழுத்துக் காப்பாற்றிய நிகழ்ச்சியும் கிள்ளான் வரலாற்றில் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முதலியோர் அவ்வியக்கத்தில் முன்னின்றனர். கூலி உயர்வுடன் வேறு சில கோரிக்கைகளும் வைக்கப்பட்டன. வெள்ளைக்காரத் துரை எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் எனும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

செம்மண் சாலையில் ஒரு மனிதன் மிதிவண்டியை விட்டு இறங்குகின்றான். இது ஒரு நொடிக் காட்சி. அன்றாடம் நடந்ததாலேயே எவருக்கும் புதுமையாகத் தோன்றாத காட்சி. இதனை இன்றைய மாணவர் அறிவது கோரிக்கைப் பட்டியலின் எழுத்தால்தான். அச்சொற்கள் இல்லாமல் அக்காட்சியின் படம் மட்டும் கிடைத்திருந்தால், களைத்த ஒருவர் இளைப்பாற இறங்குகின்றார் என்றே பார்ப்போர் எண்ணியிருக்கக்கூடும். காட்சி எதைக் குறித்தது என்பதைச் சொல்லே உணர்த்துகின்றது.

தமிழர் தம் படங்கள்

மேலை நாடுகளில் படக்கருவி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பொதுமக்கள் கைக்கு வரத் தொடங்கிவிட்டது. 1888இல் ஈஸ்ட்மனின் கோடாக் கருவி வெளிவந்தது. 1900இல் ஒரு டாலர் விலையில் பிரவுனி எனும் சிறு பெட்டி விற்பனைக்கு வந்தது. 1925இல் அறிமுகமான லைக்கா கருவி, நடந்தவாறே தெருவைப் படமெடுக்கும் கலைக்கு வழி திறந்தது. எனினும் லயத்து வீட்டில் வாழ்ந்த குடும்பத்துக்குக் கருவியும் படச்சுருளும் எட்டாக் கனிகளாகவே இருந்தன.

பட்டணத்துப் படக்கடைக்குச் சென்று, வரைந்த திரையின் முன் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்ட குடும்பப் படமே பலர்க்கும் வாய்த்தது. தாயகத்து உறவினருக்கு அனுப்புவதற்கு அது பயன்பட்டது. அப்படத்தில் உள்ளது புத்தாடை. பால்மரத் தோப்பின் பழைய ஆடையன்று. இரவல் நாற்காலி உண்டு. லயத்தின் கயிற்றுக் கட்டில் இல்லை. பிறர் எடுத்த படத்தில் பெயர் இல்லை. தாமே எடுத்துக்கொண்ட படத்தில் அன்றாட வாழ்வு இல்லை.

1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, 12 வயதுக்கு மேற்பட்டோர் அனைவருக்கும் நிழற்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கும் பணி தொடங்கியது. தோட்டத் தொழிலாளர் பலருக்கு வாழ்வில் முதன்முதலாக எடுக்கப்பட்ட படம் அதுவாகவே இருந்திருக்கக்கூடும். ஆட்சியின் பாதுகாப்புத் தேவைக்காகப் பிறந்த படம் அது. ஆயினும் அதில் ஒரு சிறப்பு உண்டு. முகத்தின் அருகே அம்முகத்துக்கு உரியவரின் பெயர் எழுதப்பட்டிருந்தது.

இடிந்த வீடுகளும் எஞ்சிய நினைவும்

அன்றாட வாழ்வைப் படமாக்குவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவர் பாரிஸ் நகரில் வாழ்ந்தார். கோலாலம்பூர் தோன்றிய அதே 1857இல் பிறந்த யூஜின் அட்ஜே என்பவரே அவர். 1890களின் பிற்பகுதி முதல் 1927இல் மறையும் வரை, பழைய பாரிசின் சந்துகளையும் கடை முகப்புகளையும் தெரு வணிகரையும் அவர் ஆயிரக்கணக்கான தகடுகளில் பதித்தார். அவற்றை நூலகங்களும் அருங்காட்சியகங்களும் வாங்கிக் காத்தன. இடங்களின் பெயர்களைக் குறித்து, வரிசைப்படுத்தி வைத்தமையால் அவை நகரின் ஆவணமாக நிலைத்தன.

பிரிக்பீல்ட்ஸுக்கு அத்தகைய ஒருவர் எத்துணைத் தேவைப்பட்டார் என்பதைக் கடந்த கால் நூற்றாண்டு காட்டிவிட்டது. பழைய இரயில்வே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2003இல் நகரின் ஒற்றைத் தண்டவாள இரயில் ஓடத் தொடங்கியது. 2010ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் கூடி, பிரிக்பீல்ட்ஸை லிட்டில் இந்தியாவாகத் திறந்துவைத்தனர். ரொசாரியோ சாலையை ஒட்டி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்து, அரசு ஊழியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ‘நூறு வீடுகள்’ எனும் குடியிருப்பு, 2010களின் நடுப்பகுதியில் இடிக்கப்பட்டது.

வளர்ச்சி வேண்டாம் என்பார் இலர். ஆனால், வீட்டோடு வாழ்முறையும் போய்விடுகின்றது. பொதுச் சந்தில் காய்ந்த துணி, திண்ணையில் அமர்ந்து கதை பேசிய மூதாட்டி, அடுத்த வீட்டுக்குப் போன தீபாவளிப் பலகாரத் தட்டு ஆகியவற்றைக் கட்டட வரைபடம் காட்டாது. பத்திரிகையாளர் பாலன் மோசஸ் 2007இல் பிரிக்பீல்ட்ஸைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வூரின் நினைவுகளை எழுத்தில் ஏற்றிய அத்தகைய முயற்சியின் அருமை, வீடுகள் மறைந்தபின் இன்னும் நன்கு விளங்குகின்றது.

கைப்பேசி தந்த மாற்றம்

1997ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், அமெரிக்காவில் பிலிப் கான் என்பவர் தமக்குப் பிறந்த மகளின் படத்தைக் கைப்பேசி வழியாக நண்பர்களுக்கு அனுப்பினார். படக்கருவியையும் கைப்பேசியையும் கம்பியால் இணைத்து அவரே அமைத்த ஏற்பாடு அது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் ஷார்ப் நிறுவனத்தின் படக்கருவிக் கைப்பேசி விற்பனைக்கு வந்தது. 2007இல் ஐபோன் வெளிவந்தபின், திறன்பேசி உலகெங்கும் விரைந்து பரவியது.

இம்மாற்றத்தின் அளவைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் இரு வெள்ளங்களை ஒப்பிட்டு அறியலாம். 1971 சனவரியில் கோலாலம்பூர் மூழ்கியபோது, கருவி வைத்திருந்தோர் சிலரே. நாளிதழ்களின் படங்களே பெரிதும் எஞ்சின. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பு மூழ்கியபோதோ, வீட்டின் மேல்மாடியில் சிக்கிய குடும்பமே தன் நிலையைப் படமெடுத்து அனுப்பியது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், வெறிச்சோடிய தெருக்களைச் சன்னல் வழியே மக்களே படம் பிடித்தனர். துன்புற்றவர் கையிலேயே கருவி இருந்தது. அஞ்சலட்டைக் காலத்துக்கு இது நேர் மாறான நிலையாகும். தாம்சனுக்கு உதவிய அவ்விருவரின் வழித்தோன்றல்கள் இன்று தாமே படமெடுப்போராகிவிட்டனர் எனலாம்.

படத்தைப் படித்தல்

பழம்படத்தைச் செய்யுளைப் போலச் சொல் சொல்லாகப் படிக்கப் பழகுதல் வேண்டும். பத்துமலைப் படம் ஒன்று மாணவர் கையில் கிடைக்கின்றது எனக் கொள்வோம். அடிவாரத்தில் பெரிய முருகன் சிலை இல்லையாயின், அது 2006க்கு முற்பட்டது. சிலை இருந்து, 272 படிகளும் வண்ணம் தீட்டப்படாமல் இருப்பின், 2006க்கும் 2018க்கும் இடைப்பட்டது. படிகள் பலநிறங்களில் ஒளிர்ந்தால், 2018 ஆகஸ்டுக்குப் பிற்பட்டது. இவ்வாறே துன் சம்பந்தன் சாலைப் படத்தில் ஒற்றைத் தண்டவாளப் பாதையின் தூண்களும், 2010இன் அலங்கார வளைவுகளும் காலத்தை உரைக்கும்.

ஆயினும் இம்முறைக்கு எல்லை உண்டு. தூணும் வளைவும் ஆண்டைச் சொல்லும், ஆளைச் சொல்லா. முன்னால் நிற்கும் மூதாட்டியின் பெயரை எந்த ஆராய்ச்சியாலும் கண்டுபிடிக்க இயலாது. அதனை அறிந்தவர் ஒருவர் சொன்னாலன்றி வேறு வழியில்லை.

மீண்டும் ஒரு பிழை நேராதிருக்க

இன்றைய படங்களும் பெயரற்ற அஞ்சலட்டைகளின் நிலையை அடையக்கூடும் என்பதே கவலைக்குரியது. கைப்பேசியில் படமெடுக்கும்போது நாளும் நேரமும் தாமாகவே பதிவாகின்றன. ஆனால், செய்திச் செயலிகள் வழியாகப் பலர் கை மாறும்போது படம் சுருங்குகின்றது. அதனோடு இணைந்த விவரங்களும் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. கைப்பேசி பழுதுற்றால் ஆயிரம் படங்கள் ஒரே நாளில் அழிகின்றன. தகரப் பெட்டியில் கிடந்த பழைய தாள் படம் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்ததையும் ஈண்டு நினைத்தல் தகும்.

மற்றொரு பிழை மனப்பான்மை பற்றியது. தெங்கு கிளானா சாலையில் பூத்தொடுக்கும் அம்மையாரைக் கேளாமலே படமெடுத்து, ‘லிட்டில் இந்தியாவின் வண்ணக்காட்சி’ என்று தலைப்பிடுபவர், நூறாண்டுக்கு முந்திய அஞ்சலட்டை வணிகர் செய்ததையே செய்கின்றார். படமெடுப்பவர் தமிழராக இருப்பதால் மட்டும் அப்பிழை நீங்கிவிடாது. பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்திருத்தலால், வெண்கோல் ஊன்றி நடப்போரை அங்கு நாள்தோறும் காணலாம். தம்மை நோக்கி ஒரு கருவி உயர்த்தப்படுவதை அவர்கள் காண இயலாது. அவர்களிடம் இசைவு கேட்காமல் எடுக்கும் படம் எத்துணை அழகியதாயினும் அறத்துக்கு ஒவ்வாது. கேட்டுவிட்டு எடுப்பவருக்கோ படத்தோடு ஒரு பெயரும், பெயரோடு ஒரு வாழ்க்கை வரலாறும் கிடைக்கின்றன.

பள்ளியின் பங்கு

இப்பணி பெருஞ்செலவை வேண்டுவதன்று; தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலேயே தொடங்கத்தக்கது. ஒவ்வொரு மாணவரும் வீட்டிலுள்ள பழம்படம் ஒன்றைத் தாத்தா பாட்டியின் முன் வைத்து, யார், எங்கே, எப்போது, என்ன நிகழ்ச்சி என்று வினவுதல் வேண்டும். விடையைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதலாம். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். புதிய படமாயின் அதே விவரங்களோடு எடுத்தவர் பெயரையும், படத்தில் உள்ளவர் இசைவு தந்தாரா என்பதையும் ஓர் ஏட்டில் எழுதி வைத்தல் நன்று. ஒரு படி கைப்பேசியிலும், ஒரு படி வேறு சேமிப்பிலும், தேர்ந்தவற்றின் ஒரு படி தாளிலும் இருப்பது காப்பாகும்.

மொழிப்பாடத்துக்கும் இதனால் நலமுண்டு. ஒரு படத்துக்கு ஐந்து வரியில் விளக்கம் எழுதும் மாணவர், காண்பதைச் சொல்லவும், கேட்டதைத் தொகுக்கவும், மிகையை நீக்கவும் பழகுகின்றார். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் 1957இல் தொடங்கப்பட்டு அரசின் ஆவணங்களைக் காத்து வருகின்றது. குடும்பத்தின் ஆவணத்தைக் குடும்பமும் பள்ளியுமே காத்தாக வேண்டும். அதற்குக் காலமும் மிகுதியாக இல்லை. நூறு வீடுகளின் திண்ணையையும் தோட்டத்து லயத்தையும் நேரில் அறிந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. அப்படங்களில் உள்ளோரின் பெயர்களைச் சொல்லக்கூடியவர் ஒருவர் மறையும்தோறும், பல முகங்கள் மீண்டும் பெயரற்றவை ஆகின்றன.

படக்கருவி ஒரு காலத்தில் இம்மண்ணின் தமிழரைப் பெயரின்றிக் கண்டது. அவர்தம் பேரப்பிள்ளைகள் கையில் இன்று அக்கருவி உள்ளது. நாளைய மாணவர் இன்றைய படத்தைப் பார்த்து ‘இவர் யார்?’ என்று கேட்பர். அவ்வினாவுக்கு உரிய விடையை இன்றே எழுதி வைத்தல் தமிழாசிரியருக்கும் மாணவருக்கும் உரிய கடமையாகும்.